அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மார்க்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எண் அச்சடித்த காகிதம் எதைக் கண்டாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்துவிடுவான். மளிகைக் கடை ரசீது, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் என எதுவானாலும் சரி. வரிசையாக டிக் போட்டு முடித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

போன மார்கழியில் எங்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு காகிதங்கள் வந்தன. இரண்டுமே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று அடியேனுடையது.

அம்மாவுக்கு வயசு 68. சர்க்கரை வந்து 14 வருஷமாகிறது. அவளுக்கு டெஸ்ட் எடுத்ததில் நியாயம் இருக்கிறது. 36 வயசுத் தடியன் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 'ஜோடியாக வந்தால் இரண்டாவது நபருக்குப் பாதி விலை' என்று லேபில் போர்டு வைத்திருந்தான் ஸார். பாதி விலை என்றால் நாம் ரத்தத்தையும் கொடுப்போமே!

பென்சிலோடு உட்கார்ந்தேன். கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின் எல்லாம் தாண்டி, 'கிரியேட்டினின்' என்று ஒரு வரி. அம்மாவுக்கு 1.1. எனக்கும் 1.1. பக்கத்திலேயே 'நார்மல்: 0.6 முதல் 1.2 வரை' என்று அச்சடித்திருந்தது. டிக். டிக்.

"அம்மா! கிட்னி பரீட்சையிலே உனக்கும் எனக்கும் ஒரே மார்க். ரெண்டு பேரும் பாஸ்!"

அம்மா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் 92. "உன் ஆயுசுலே நீ எனக்குச் சமமா மார்க் வாங்கினது இதுதாண்டா முதல் தடவை" என்றாள்.

* * *

டாக்டரிடம் காட்டப் போனோம். எங்கள் ஏரியா டாக்டர் அதிகம் பேசாதவர். ரிப்போர்ட்டைப் பார்த்தார். செல்போனை எடுத்தார். அம்மாவின் வயசைக் கேட்டார். ஏதோ தட்டினார். என் வயசைக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"உங்களுக்கு 89. அம்மாவுக்கு 55."

"என்ன டாக்டர் இது, ரெண்டு பேருக்கும் 1.1தானே? ஒரே விடைக்கு வேற வேற மார்க்கா?"

"1.1 ரூபாயா சார், யார் பையில இருந்தாலும் ஒரே மதிப்பா இருக்கறதுக்கு?"

பிறகு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் கழிந்து ரத்தத்தில் சேருகிற குப்பை. அதை வெளியே தள்ளுவது கிட்னியின் வேலை. தெருவில் இரண்டு வீடு. ஒன்றில் பத்துப் பேர், இன்னொன்றில் இரண்டே பேர். இரண்டு வாசலிலும் ஒரே உயரத்துக்குக் குப்பை கிடந்தால் என்ன அர்த்தம்? இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் குப்பை வண்டி ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம்.

நான் 74 கிலோ. அம்மா 50 கிலோ, அதிலும் வயசுக்கு ஏற்ப தசை வற்றிய உடம்பு. அவள் உடம்பில் உண்டாகிற குப்பையே குறைச்சல். அப்படியிருந்தும் 1.1 தேங்கி நின்றால், வண்டி நின்று நின்று வருகிறது என்றுதான் கணக்கு. அதனால்தான் கிரியேட்டினினோடு வயசு, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு ஃபார்முலாவில் போடுகிறார்கள். அதில் வரும் விடைக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு. இளவயசில் 100, 120 என்று இருக்கும். 60-க்குக் கீழே போய் மூன்று மாதம் அப்படியே நின்றால், கிட்னிக்கு நாள்பட்ட பாதிப்பு என்று கணக்கு. 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிப் பேசவேண்டி வரும்.

"பழைய ரிப்போர்ட் ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?"

அம்மா மஞ்சள் பையைத் திறந்தாள். 14 வருஷத்து ரிப்போர்ட்டும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக இருந்தது. டாக்டர் இரண்டை மட்டும் உருவினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிரியேட்டினின் 0.8. மூன்று வருஷத்துக்கு முன்னால் 0.9. இப்போது 1.1. மூன்றுமே நார்மல் கட்டத்துக்குள். மூன்றிலும் பென்சில் டிக். என் டிக்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டி ஒரு சீட்டில் எழுதினார்.

83. 71. 55.

40 வயசுக்கு மேல் ஆரோக்கியமானவருக்குக் கூட வருஷத்துக்குச் சுமார் ஒன்று குறையுமாம். அது இயற்கையான தேய்மானம். காமர்ஸ்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். மெஷின் வாங்கினால் டிப்ரிஸியேஷன் எழுதுகிறோமே, அதே. அப்படிப் பார்த்தால் ஆறு வருஷத்தில் ஆறு குறைந்திருக்கலாம். அம்மாவுக்குக் குறைந்திருப்பது 28. கம்பெனியில் இப்படிச் சொத்து கரைந்தால் போர்டு மீட்டிங்கில் நாற்காலி பறக்கும். நான் டிக் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போயிருக்கிறேன்.

"இதுலே ஒரு மோசடி இருக்கு சார்" என்றார் டாக்டர். "கிட்னி பாதியாக் குறைஞ்சாத்தான் கிரியேட்டினின் ரெண்டு மடங்காகும். 0.6 இருந்தவங்க 1.2-க்கு வந்தா, பாதி போயாச்சு. ஆனா பேப்பர்லே அப்பவும் நார்மல்னுதான் போட்டிருக்கும்."

* * *

அதோடு விட்டாரா? அடுத்த கேள்வி. "அம்மாவுக்கு யூரின்லே ஆல்புமின் பார்த்திருக்கீங்களா?"

நான் மஞ்சள் பையைப் பார்த்தேன். மஞ்சள் பை என்னைப் பார்த்தது. 14 வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. நாங்கள் எடுத்த சலுகை பேக்கேஜில் அது கிடையாது. கேட்டு வாங்கவேண்டும் என்று எனக்கும் தெரியாது.

"ரத்த டெஸ்ட் ஒண்ணு போதாதா டாக்டர்?"

"வீட்டுலே ஃபில்டர் காபிதானே?" என்றார், திடீரென்று.

"பின்னே? ரெண்டு வேளையும்" என்றாள் அம்மா.

"ஃபில்டர் நல்லா இருக்கான்னு எப்படிம்மா பார்ப்பீங்க?"

"டிகாக்ஷன் ஒழுங்கா இறங்குதான்னு பார்ப்பேன். பொடி கீழே வருதான்னு பார்ப்பேன். ஓட்டை பெரிசாயிட்டா பொடி இறங்கிடும். வாயிலே நறநறங்கும்."

"அவ்வளவுதாம்மா நான் சொல்ல வந்தது!"

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது இ.ஜி.எஃப்.ஆர். பொடி இறங்குகிறதா என்பது யூரின் ஆல்புமின். ஆல்புமின் என்பது ரத்தத்திலேயே தங்கவேண்டிய புரதம். கிட்னியின் சல்லடை பழுதானால்தான் அது சிறுநீரில் கசியும். சர்க்கரை வியாதியில் பல பேருக்கு முதலில் தெரிவது இந்தக் கசிவுதான். வேகம் குறைவது பிற்பாடு. இதைவிட வேடிக்கை, சர்க்கரை வந்த புதிதில் சிலருக்குக் கிட்னி வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டுமாம். எண்ணைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். உள்ளே சல்லடை நைந்துகொண்டிருக்கும். விளம்பரத்துக்குச் செலவழித்து விற்பனையை ஏற்றிக் காட்டும் நஷ்டக் கம்பெனி மாதிரி.

டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்சன் என்ற டாக்டர் 1984-லேயே இதை எழுதியிருக்கிறார். சாதாரண டெஸ்ட்டில் தெரியாத அளவு சின்னக் கசிவு இருக்கிற சர்க்கரைக்காரர்களுக்குப் பிற்பாடு பெரிய கசிவு வருகிறது என்று. அதற்குப் பிறகு 14 ரிப்போர்ட்டில் டிக் போட்ட எனக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

மறுநாள் காலை முதல் சிறுநீரைக் கொடுத்தோம். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு. 300-க்கு மேல் பெரிய கசிவு. அம்மாவுக்கு 180.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி இருந்தாலும் இந்த எண் எகிறுமாம். அதனால் ஒரே தடவையில் முத்திரை குத்தமாட்டேன், மறுபடி எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. உடற்பயிற்சி, சீரியல் பார்க்கும்போது ரிமோட்டைத் தேடுவது மட்டும்.

* * *

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செல்போனில் தேடி ஒரு ஃபார்முலாவைப் பிடித்தேன். 140-லிருந்து வயசைக் கழி, எடையால் பெருக்கு, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகு. பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்கு. ஆஹா, இதுவல்லவோ கணக்கு! கேல்குலேட்டரைத் தட்டினேன். 140 கழித்தல் 68, 72. மேலேயும் 72, கீழேயும் 72, அடிபட்டுப் போயிற்று. 50-ஐ 1.1-ஆல் வகுத்து, 0.85-ஆல் பெருக்கினால்...

39!

சாயங்காலம் 55. ராத்திரி 11 மணிக்கு 39. நாலு மணி நேரத்தில் 16 அவுட். மனைவியை எழுப்பினேன்.

"என்னங்க, அத்தை நல்லாத் தூங்கறாங்க. நீங்க முதல்லே செல்போனை அணைச்சுட்டுப் படுங்க" என்றாள். காலையில் முதல் ஆளாக டாக்டர் வாசலில் நின்றேன்.

டாக்டர் சிரித்தார். அது 1976-ல் கனடா டாக்டர்கள் காக்கிராஃப்ட், கால்ட் இரண்டு பேரும் போட்ட கணக்காம். கால்குலேட்டர்கூட இல்லாமல் போடலாம் என்பதால் நாற்பது வருஷத்துக்கு மேல் உலகமே அதைப் புரட்டியிருக்கிறது. சில மருந்துகளின் அளவை முடிவுசெய்ய இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் அது 249 பேரை வைத்துப் போட்ட கணக்கு. அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். பெண்களுக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்று சேர்த்துக்கொண்டதுதான் அந்த 0.85.

கூட வந்திருந்த அம்மா விடவில்லை. "ஆம்பளைங்களை வச்சுக் கணக்கைப் போட்டுட்டு, எனக்கு ஆடித் தள்ளுபடியா?"

1999-ல் அமெரிக்காவில் எம்.டி.ஆர்.டி. என்று ஒரு ஃபார்முலா வந்தது. 1,628 பேரை வைத்துப் போட்டது. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்கிற சர்க்கரைக்காரர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. பிறகு 2009-ல் இன்னும் பெரிய கூட்டத்தை வைத்து சி.கே.டி.-எபி என்று ஒன்று. கறுப்பின மக்களுக்கு என்று அதில் தனிப் பெருக்கல் ஒன்று இருந்தது. அது நியாயமில்லை என்று நீக்கிவிட்டு, 2021-ல் புதுக் கணக்கு வெளியிட்டார்கள். டாக்டர் தட்டியது அதுதான். பழைய ஃபார்முலாவில் எடை இருக்கிறது, இதில் இல்லை. பழையது அளப்பதும் சற்றே வேறு. ஒன்றின் விடையை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது. ஒரு வருஷம் முழத்திலும் மறு வருஷம் மீட்டரிலும் அளந்துவிட்டு வேட்டி சுருங்கிவிட்டது என்று அலறினால் எப்படி?

"அப்ப 55-தான் கரெக்டா டாக்டர்?"

"இ.ஜி.எஃப்.ஆர்.ல முதல் எழுத்து எதுக்குத் தெரியுமா? எஸ்டிமேட்டுக்கு."

எஸ்டிமேட்! வீடு கட்டும்போது மேஸ்திரி கொடுத்தாரே, அந்த எஸ்டிமேட்டா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரியைவிட இது எவ்வளவோ யோக்கியமாம். நூறு பேரில் சுமார் 85 பேருக்கு, உண்மையான அளவிலிருந்து 30 சதவீதத்துக்குள் வந்துவிடும். உண்மையான அளவே வேண்டும் என்றால் இனுலின் என்ற பொருளை ரத்தத்தில் செலுத்தி, அது எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று மணிக்கணக்காக அளக்கவேண்டும்.

"இன்சுலினா டாக்டர்? அம்மாவுக்கு மாத்திரைதான்..."

"இன்சுலின் இல்லே சார், இனுலின். சிக்கரி வேர்லே இருக்கற ஒரு மாவுப்பொருள்."

"சிக்கரியா? காபியிலே கலப்பாங்களே, அதா?" அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை. கிட்னி சாஸ்திரம் முழுக்க அவள் சமையலறையிலேயே இருந்திருக்கிறது.

ஊர் பூராவுக்கும் அப்படி அளக்க முடியாது. அதனால்தான் எஸ்டிமேட். ஒரு தடவை வந்த எண்ணைக் கும்பிடவும் வேண்டாம், பார்த்து அழவும் வேண்டாம். பேதி, காய்ச்சல் என்று தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது எடுத்தாலோ, முந்தின ராத்திரி கறிச்சோறு வெளுத்துக் கட்டியிருந்தாலோ எண் மாறும். ஒரே ஃபார்முலாவில் வருஷா வருஷம் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு வருஷத்து பேலன்ஸ் ஷீட்டை வைத்துக் கம்பெனியை எடை போடக்கூடாது என்று எங்கள் புரொபசர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை, ஸ்டெதாஸ்கோப் போட்ட இன்னொருவர் சொல்லிக் கேட்டேன்.

* * *

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

அம்மா தயங்கினாள். மஞ்சள் பையின் அடியிலிருந்து ஓர் அட்டை வந்தது. மூட்டு வலிக்காகத் தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியது. டைக்ளோஃபெனாக் ரகம். இரண்டு வருஷமாக, வலிக்கும்போதெல்லாம் ஒன்று.

"உன்கிட்டே சொன்னா டாக்டர் ஃபீஸ் கொடுக்கணும்னு முகத்தைச் சுளிப்பே. எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள் என்னைப் பார்க்காமல்.

ஸார், 83, 71, 55 வலித்ததைவிட இது அதிகம் வலித்தது.

இந்த ரக வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே நலிந்த கிட்னிக்கு அது கூடாது. டாக்டர் அதை நிறுத்தி, வலிக்கு வேறு வழி சொன்னார். கசிவைக் குறைக்கக்கூடிய ஒரு பி.பி. மாத்திரையை எழுதினார். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை இப்போதைக்குத் தொடரலாம். எண் 45-க்குக் கீழே வந்தால் அளவை யோசிக்கணும், 30-க்குக் கீழே போனால் நிறுத்தணும் என்றார். இந்த எண் சும்மா பார்த்துப் பயப்படுவதற்கு இல்லை, மருந்தை முடிவுசெய்வதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது. ஊறுகாயும் அப்பளமும் வீட்டை விட்டு வெளியேறின. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழைத்தண்டு சாறு சிபாரிசு செய்தார். "கிட்னியிலே கல்லு வேற, இது வேற. எதையும் என்னைக் கேட்காமக் குடிக்காதீங்க" என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

பங்குனியில் மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை பென்சிலைத் தொடவில்லை. டாக்டரே படித்தார். இ.ஜி.எஃப்.ஆர். அதே 55. ஆல்புமின் 180-லிருந்து 110.

"55 ஏறலையே டாக்டர்?"

"ஏறாது சார். இறங்காம இருந்தா அதுவே லாபம்."

உங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். சர்க்கரைக்காரர் இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் இரண்டு எண் கேளுங்கள்: இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, யூரின் ஆல்புமின் எவ்வளவு? பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை, கண்டுபிடிப்பதற்கு வெகு முன்னாலேயே வந்து குடியேறியிருக்கும். அதனால் கண்டுபிடித்த அன்றிலிருந்தே இந்தக் கணக்கைத் தொடங்கவேண்டும். சின்ன வயசில் இன்சுலினோடு தொடங்கும் வகைக்கு ஐந்து வருஷத்திலிருந்து. 'நார்மல்' என்ற அச்சைப் பார்த்து டிக் போடுகிற ஆள் வீட்டில் இருந்தால், அவரிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பிடுங்கியாகிவிட்டது. இப்போது ஆடிட்டர் என் மனைவி. சார்ஜ் எடுத்த அன்றே பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். பாதி விலை ரிப்போர்ட்டில், நான் டிக் போட்டிருந்த ஒரு வரிக்குக் கீழே அடிக்கோடு போட்டு என் முன்னால் வைத்தாள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை: 118.

"நூறுக்குள்ளே இருக்கணும்னு பக்கத்திலேயே அச்சடிச்சிருக்கானே. இதுக்கு எப்படிங்க டிக் போட்டீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். டிகாக்ஷன் பிரமாதம். பொடி இறங்கவில்லை.

சர்க்கரையும் இல்லை.